முதுகுக்குப் பின்னால் ஒரு சம்பந்தி

நான் சந்தேகப் பிராணி. மனைவி சொல்லி, மகள் சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, கடைசியில் நானே நம்பிவிட்டேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை நாலு தடவை இழுத்துப் பார்ப்பேன். ஒருமுறை ஐந்தாவது தடவையும் இழுத்ததில் தாழ்ப்பாள் கையோடு வந்துவிட்டது. அன்று முழுக்க வீடு திறந்தே கிடந்தது.

தொழிலும் அதற்குத் தோதானதுதான். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். லென்ஸை மாற்றி மாற்றி, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பேன். "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பார்கள். நம்பமாட்டேன். மறுபடி கேட்பேன். வந்தவருக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வந்த பிறகுதான் சீட்டு எழுதுவேன்.

இப்படிப்பட்டவனிடம் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள நினைப்பதாகச் சொன்னாள். துவாக்குடியில் அவளோடு இன்ஜினியரிங் படித்த பையன். இரண்டு பேருக்கும் இப்போது சென்னையில் வேலை. பையன் வீடு புத்தூரில்.

"ரெண்டு அப்பாவும் முழு மனசா சரின்னு சொன்னாத்தாம்பா கல்யாணம். இல்லைன்னா ரெண்டு பேரும் இப்படியே இருந்துடறதா முடிவு பண்ணிட்டோம்."

மிரட்டல் மாதிரி சொல்லவில்லை. சட்னி கேட்பது போலச் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் சொன்னால் செய்வாள்.

"ரெண்டு வாரம் டைம் குடும்மா. யோசிக்கணும்."

"விசாரிக்கணும்னு சொல்லுங்கப்பா."

விசாரிப்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. அந்த வீட்டில் போய்க் கேட்கக் கூடாது. எதிர்வீட்டிலும் கூடாது, சேதி உடனே போய்விடும். தெருமுனையில் துணி தேய்க்கும் வண்டி இருக்கும், அங்கேதான் கேட்க வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள், யார் காலர் கிழிந்தும் சட்டையை மாற்றவில்லை என்பதெல்லாம் தேய்ப்பவருக்குத்தான் தெரியும். நேரடியாகவும் கேட்கக் கூடாது. வாடகைக்கு வீடு பார்ப்பது போல ஆரம்பிக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெண்ணைப் பெற்றால் தானாக வந்துவிடுகிறது.

ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டிப் புத்தூர் போனேன். அடையாளம் தெரியாமலிருக்கத் தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க். வண்டியை நிறுத்திய பிறகும் இரண்டையும் கழற்றவில்லை. வங்கிக்குள் அப்படி நுழைந்திருந்தால் அலாரத்தை அழுத்தியிருப்பார்கள்.

தேய்க்கிறவர் கரிப்பெட்டியில் தணலை ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டம் போட்ட லுங்கியோடு ஒருவர் தன் சட்டைகளுக்காகக் காத்திருந்தார். அறுபது வயதிருக்கும், நல்ல தாட்டியான உடம்பு. இடது காது வலது காதைவிட ஒரு நூல் உயரம் என்பதால் மூக்கில் கண்ணாடி சரிந்து நின்றது. கடைக்கு வாங்க, காதுக் கம்பியை வளைத்துச் சரிசெய்து தருகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. மாறுவேடத்தில் இருப்பது ஞாபகம் வந்து விழுங்கினேன்.

நான் தேய்ப்பவரைக் கேட்டேன். பதில் லுங்கிக்காரரிடமிருந்து வந்தது.

"மூணாவது வீடா? மாடி காலியாத்தாங்க இருக்கு. ஆனா உங்களுக்கு எதுக்குங்க அந்த வீடு?"

"ஏங்க, வீட்டுக்காரர் எப்படி?"

"கோபக்காரருங்க. காலையில பேப்பர் அஞ்சு நிமிஷம் லேட்டானா பேப்பர்காரன் தொலைஞ்சான். ரிட்டையராகி ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் வீட்டுக்குள்ள ஆபீஸ் நடத்துறாரு. பொண்டாட்டிகிட்ட லீவு லெட்டர் கேக்காததுதான் பாக்கி."

"பையன் ஒருத்தன் இருக்கானாமே?" என்று கேட்டுவிட்டேன். வாடகைக்கு வருகிறவனுக்குப் பையனைப் பற்றி என்ன அக்கறை என்று தோன்றிவிடக் கூடாதே. "பசங்க இருந்தா அழுகைச் சத்தம் இருக்குமேன்னு கேட்டேன்."

"அவனுக்கு இருபத்தொன்பது வயசுங்க. அழுதாலும் வெளியில கேக்காது."

"பையன் எப்படி?"

"தங்கமான பையன். அம்மா மாதிரி. அப்பன் குணம் ஒரு சொட்டு வரலை. அது ஒண்ணுதான் அந்த வீட்டுல உருப்படி." கொஞ்சம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "ஆனா மருமக வந்தா புத்தூர்லதான் இருக்கணும், வேலையை விட்டுடணும்னு அந்தாளு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. எந்தப் பொண்ணு வந்து மாட்டப்போவுதோ."

தேய்க்கிறவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். கரிப்புகை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அறிக்கை கொடுத்தேன். பையன் தங்கம், அப்பன் ஆகாது. "யாருகிட்ட கேட்டீங்க?" என்றாள் மனைவி.

"நம்பகமான ஆளு. அந்த வீட்டைப் பத்தி அக்குவேறா ஆணிவேறா தெரிஞ்சு வச்சிருக்காரு."

வேலையை விடச் சொல்லும் வீடு. அந்த ஒரு வாக்கியம் எனக்கு முள்ளாகக் குத்தியது. மகளிடம் மாட்டேன் என்று சொல்லவில்லை. இன்னும் இரண்டு வாரம் கேட்டேன். அவள் கொடுக்கவில்லை. அதற்குப் பதில் போனில் ஒரு படம் காட்டினாள். நீளமாக, ஒடுக்கமாக, மஞ்சள் நிறத்தில் ஒரு படகு.

"இது கயாக். கடல்ல துடுப்புப் போட்டுக்கிட்டு ஒரு குட்டித் தீவுக்குப் போயிட்டு வரணும். கைடு கூட வருவாங்க. நாலு பேருக்கு புக் பண்ணிட்டோம். நானும் அவனும் ஒண்ணுல, நீங்களும் அங்கிளும் ஒண்ணுல."

"ஹோட்டல்ல உக்காந்து பேசக் கூடாதா?"

"ஹோட்டல்னா நீங்க எந்திரிச்சு வந்துடுவீங்க. திரும்பக் கரைக்கு வந்ததும் எனக்குப் பதில் வேணும்பா. ஆமாவோ இல்லையோ, அன்னைக்கே."

நான் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவன். வடக்கே ஓர் ஆறு, தெற்கே ஓர் ஆறு. இரண்டிலும் முழங்காலுக்கு மேல் நான் இறங்கியதில்லை. இதைச் சொன்னேன். "நீச்சல் தெரிய வேண்டாம், லைஃப் ஜாக்கெட் இருக்கு" என்றாள். அனுப்பிய படிவத்தில், ஏதாவது நேர்ந்தால் யாரும் பொறுப்பில்லை என்று ஆறு இடத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். ஒன்றும் நேராது என்றால் ஒரு கையெழுத்துப் போதாதா?

மனைவி வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க. அங்க போயி வாயை விட்டுடாதீங்க" என்றாள்.

ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, அலை அதிகமில்லாத ஒரு கடற்கரை. நானும் மகளும் முதல்நாளே போய்த் தங்கி, காலை ஆறரைக்கு மணலில் நின்றோம். கடல் தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி அசையாமல் கிடந்தது. இவ்வளவு சாதுவாக இருக்கிறதே என்று அதன்மேலும் சந்தேகம். எங்கள் கைடு நாற்பது வயதுப் பெண்மணி. முன்பு இதே கடலில் முங்கிப் பாசி எடுத்துக்கொண்டிருந்தவர். வந்ததும் வராததுமாக என் எடையைக் கேட்டார்.

"எழுபத்திரண்டு."

ஏற இறங்கப் பார்த்தார். "சார், இது ஜாக்கெட்டுக்கு. பொண்ணு பாக்க வந்தவங்க கேக்கல."

"எண்பத்தொண்ணு."

அப்போதுதான் பையனும் அவன் அப்பாவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பையன் வணக்கம் சொன்னான். அப்பா ட்ராக் பேன்ட் போட்டுக்கொண்டு, தலையில் தொப்பி, முகத்தில் பெரிய கூலிங் கிளாஸோடு வந்தார். அது அவர் மூக்கில் சரிந்து நின்றது.

இடது காது, ஒரு நூல் உயரம்.

நான் ஆளை முகத்தால் மறப்பேன், காதால் மறக்கமாட்டேன். புத்தூரில் பையனின் அப்பாவைப் பற்றி, பையனின் அப்பாவிடமே விசாரித்துவிட்டு வந்திருக்கிறேன். என் நம்பகமான ஆள் அவர்தான்.

"வணக்கம் சார்" என்று கையை நீட்டினார். "உங்களை எங்கயோ பார்த்த மாதிரியே இருக்கே."

"எனக்குப் பொதுவான முகங்க."

"முகம் இல்லீங்க. குரல்."

சிரித்தாரா என்று கூலிங் கிளாஸுக்குப் பின்னால் தெரியவில்லை. இப்படிப்பட்ட கருப்புக் கண்ணாடிகளை நானே ஆயிரக்கணக்கில் விற்றிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு அயோக்கியத்தனமான பொருள் என்று புரிந்தது.

கைடு எங்களைப் படகில் உட்காரவைத்தார். நான் முன்னால், பையனின் அப்பா பின்னால். "கனமானவங்க பின்னால உக்காரணும். காலுக்குக் கீழ மிதி இருக்கு, அவருதான் திருப்புவாரு. முன்னால நீங்க போடுற தாளத்தைப் பார்த்து அவரு துடுப்புப் போடுவாரு. அவருக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு அவரைத் தெரியாது. அதனால நம்பிப் போடுங்க சார்."

இதைவிடக் கொடுமையான ஏற்பாட்டை எனக்கென்று ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்க முடியாது.

கிளம்பினோம். எதிரே கடலில் ஒரு கோடு போலத் தீவு. எங்களுக்கு முன்னால் மகளும் பையனும் ஒரு படகில். பக்கவாட்டில் கைடு தனியாக ஒரு படகில். பத்து நிமிடத்தில் என் தோள் விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது. பின்னால் தண்ணீர்ச் சத்தமே இல்லை. மனிதர் துடுப்பைப் போடுகிறாரா, மடியில் வைத்துக்கொண்டு காற்று வாங்குகிறாரா? திரும்பிப் பார்த்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"சார், திரும்பாதீங்க" என்று கத்தினார் கைடு.

நான் நிறுத்தினால் படகு நிற்கிறதா பார்ப்போம் என்று ஓசைப்படாமல் துடுப்பைத் தூக்கினேன். படகு போய்க்கொண்டே இருந்தது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?" என்றது பின்குரல். "நான் போடுறேனான்னு பாக்குறீங்களா?"

"இல்லீங்க, கை வலி."

"சரி. மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு. வர்றீங்களா?"

திரும்பவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. என் பெண்ணின் புத்திசாலித்தனத்தை அந்த இடத்தில் வெறுத்தேன்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றேன், தீவைப் பார்த்துக்கொண்டு.

"வண்டியை நிறுத்துனப்பவே. மண்டை வேகுற வெயில்ல ஹெல்மெட்டைக் கழட்டாம ஒருத்தன் வீடு பாக்க வருவானா? ஸ்கூட்டர்ல உங்க கடை ஸ்டிக்கர் வேற ஒட்டியிருந்துச்சு."

அந்த ஸ்டிக்கரை நானே அச்சடித்து, நானே ஒட்டினேன். கோணலாக இருக்கிறது என்று இரண்டு தடவை பிரித்து ஒட்டினேன்.

"தெரிஞ்சேவா உங்களைப் பத்தி அப்படிக் கெட்டதாச் சொன்னீங்க?"

"நல்லதாச் சொன்னா நம்பியிருப்பீங்களா?"

துடுப்பை வேகமாகப் போட்டேன்.

"பொண்ணு சொல்லியிருக்கு, எங்கப்பா எதையும் நம்பமாட்டாருன்னு" என்றார். "பையனைப் பத்தி நான் நல்லதாச் சொன்னதை நீங்க நம்பணும். அதுக்காக என்னைக் கொஞ்சம் கெடுத்துக்கிட்டேன். பொய் ஒண்ணும் சொல்லலை. கோபம் உண்டு. பேப்பர்காரன்கிட்ட சண்டையும் உண்டு."

"என் பொண்ணு வேலையை விடணும்கிறதும் நிஜமா?"

"நிஜம்தான். சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன். என் சம்சாரம் கேக்கலை, பையனும் கேக்கலை. உங்க பொண்ணுகிட்டயே ஒருநாள் போன்ல சொன்னேன். 'சரிங்க அங்கிள், சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்டுச்சு. அதோட விட்டுட்டேன்."

மகள் இதை என்னிடம் சொல்லவே இல்லை. ஒரு நிமிடம் அவள்மேலும் சந்தேகம் வந்தது. பிறகு யோசித்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஹெல்மெட்டை மாட்டியிருப்பேன்.

ஆனால் இப்போது எனக்கு வேறொரு குடைச்சல். பையன் தங்கமானவன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி, அவனைப் பெற்றவர். எந்த அப்பா பிள்ளையைப் பித்தளை என்பார்? இத்தனை நாள் சுமந்த அறிக்கை ஒரே நொடியில் வெற்றுக் காகிதமாகிவிட்டது. கரைக்குத் திரும்ப இரண்டு மணி நேரம்தான் இருந்தது. அதற்குள் நானாகப் பார்த்து எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

தீவு, தீவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. வெள்ளை மணல், முழங்கால் உயரப் புதர்கள், எங்களைச் சட்டை செய்யாத பத்துப் பறவைகள். இறங்கும்போது என் கால் மரத்துப்போய் நாலு காலில் கரையேறினேன். பறவைகள் அப்போது மட்டும் திரும்பிப் பார்த்தன. கைடு வாழைப்பழமும் சுண்டலும் கொடுத்தார். நான் சுண்டலைத் தின்றபடி பையனையே பார்த்தேன். அவன் தண்ணீர் பாட்டிலை முதலில் யாருக்குக் கொடுக்கிறான்? எனக்குத்தான் கொடுத்தான். பார்க்கிறேன் என்று தெரிந்து கொடுத்திருப்பான். "வெயில் அதிகமா இருக்கா அங்கிள்?" என்றான். பரீட்சை அறையில் கண்காணிப்பாளர் இருந்தால் எல்லோரும் நல்ல பிள்ளைகள்தான்.

திரும்பும்போது காற்று மாறியது. "கச்சான் கிளம்பிருச்சு, நிறுத்தாமப் போடுங்க" என்றார் கைடு. தென்மேற்கிலிருந்து வந்த அந்தக் காற்று எங்களை வேண்டாத திசைக்குத் தள்ளியது. பையனின் அப்பா பின்னாலிருந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ண ஆரம்பித்தார். நானும் எண்ணினேன். வேறு வழியில்லாததால் இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னோம்.

எங்களுக்கு ஐம்பது அடி முன்னால் மகளின் படகு. அப்போதுதான் கவனித்தேன். கனமானவர் பின்னால் என்ற விதியை மீறி, பின்னால் உட்கார்ந்து திருப்புவது என் மகள். பையன் முன்னால். எனக்கு இருந்த அதே இடம்.

கைடு வலப்பக்கம் போகச் சொன்னதை மகள் கவனிக்கவில்லை. படகு நேராகப் போய், தண்ணீருக்கடியில் இருந்த மணல் திட்டில் ஏறி நின்றது. பையன் முன்னால் குலுங்கினான். இப்போது திரும்புவான். எங்கே பார்த்து ஓட்டுறே என்பான்.

அவன் திரும்பவே இல்லை. இறங்கினான். முழங்காலளவு தண்ணீரில் நின்று, படகின் மூக்கைப் பிடித்து இழுத்தான். அவள் என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான். மறுபடி ஏறி, முன்னால் பார்த்தபடியே துடுப்பை எடுத்தான். நாங்கள் பக்கத்தில் இருப்பதை அவன் அறியவில்லை. அதை மட்டும் இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நானா இருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன்."

"நானா இருந்தா இறங்கியிருக்கவே மாட்டேன்" என்றேன். "அடியில என்ன இருக்கோ."

கரை தெரிந்தது.

"அப்ப என்ன சொல்லப்போறீங்க?" என்றார்.

"நீங்க என்ன சொல்லப்போறீங்க?"

"நான் போன மாசமே சரின்னுட்டேன். உங்க தெரு பால் பூத்துல விசாரிச்ச அன்னைக்கே."

துடுப்பை நிறுத்திவிட்டேன். "எங்க தெருவிலயா? என்னைப் பத்தியா? யாரு என்ன சொன்னாங்க?"

"அதை எப்படிங்க சொல்றது. சம்பந்தின்னா சொல்லலாம். மூணாம் மனுஷருகிட்ட சொல்ற விஷயமா அது?"

படகு மணலில் முட்டி நின்றது. மகள் ஏற்கெனவே இறங்கி, ஜாக்கெட்டைக் கழற்றாமல் காத்திருந்தாள். உதட்டில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் எழுந்து நிற்பதற்குள் கேட்டுவிட்டாள்.

"என்னப்பா?"

காலையிலிருந்து அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். இப்போது சிரிப்பு இல்லை. ஜாக்கெட்டின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப்போயிருந்தது. எனக்காக, என் ஒரு சொல்லுக்காக இந்தப் பெண் இவ்வளவு பயந்திருக்கிறாள் என்பதை அதுவரை நான் சந்தேகித்ததுகூட இல்லை.

"சரிம்மா" என்றேன்.

"முழு மனசாவா?"

பொய் சொல்ல வரவில்லை. "முக்கால் மனசு. மீதி கால் அங்கிள் மேல இருக்கிற சந்தேகம். உம்மேலயும் தம்பி மேலயும் இல்லை."

"உங்களுக்கு அது முழு மனசுதான்பா" என்று சொல்லிவிட்டு, ஈர ஜாக்கெட்டோடு கட்டிக்கொண்டாள். பின்னால் சம்பந்தி, படகிலிருந்து தன்னைத் தூக்கிவிட யாராவது வாங்க என்று கோபமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் சென்னையில் அவரவர் வேலையில்தான் இருக்கிறார்கள். சம்பந்தி இன்னமும் புத்தூருக்கு வரச் சொல்கிறார், அவர்கள் இன்னமும் அவரைச் சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார்கள். மண்டபத்திலேயே, தாலி கட்டி முடிந்த கையோடு, அவரை ஓரமாக இழுத்துப் போய் பால் பூத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"நல்லவிதமாத்தாங்க சொன்னாங்க" என்றார். "ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லலை."

இப்போதெல்லாம் பாலை அடுத்த தெருவில் வாங்குகிறேன்.